மதிப்பெண் பேரேட்டின் வரலாறும் நம் பிள்ளைகளும்

வெள்ளிவிழாக் காணும் நம் கல்விச் சங்கம், எம்.கே.பி. நகரிலும் அதனைச் சூழ்ந்த வியாசர்பாடிப் பகுதிகளிலும் நடத்திவரும் மாலைநேரப் பாடசாலைகளுக்கென மதிப்பெண் மென்பொருள் ஒன்றை உருவாக்கக் கருதியுள்ளது. இச்சங்கத்தில் படித்து முன்னேறி இன்று கணிப்பொறித் துறையில் பணிபுரியும் நம் இளைஞர் சிலர் ஊதியமின்றி அதனைச் செய்து தர முன்வந்துள்ளனர். எந்தப் பாடத்தில் பிள்ளை எவ்வளவு பெற்றது, சென்ற பருவத்தைவிட ஏறியதா இறங்கியதா, எத்தனை நாள் வகுப்புக்கு வரவில்லை என்பனவற்றை ஆசிரியரும் பெற்றோரும் மாணவரும் கைப்பேசியிலேயே கண்டுகொள்ளலாம் என்பது அவர்தம் திட்டம். இதன் நன்மை தீமைகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை தருமாறு மலர்க்குழுவினர் நம்மைப் பணித்தனர்.

நமக்குக் கணிப்பொறி பற்றிய அறிவு குறைவு. ஆனால் பேரேடுகளோடு முப்பதாண்டுக் காலம் பழகியவர் நாம். சேர்க்கைப் பதிவேடு, வருகைப் பதிவேடு, மதிப்பெண் பதிவேடு, மாற்றுச் சான்றிதழ்க் கட்டு என்று ஒரு தலைமையாசிரியரின் வாழ்நாளிற் பாதி ஏடுகளுக்கிடையே கழிகின்றது. பிள்ளைகளைப் பற்றி எழுதிவைக்கும் வழக்கம் கணிப்பொறியோடு பிறந்ததன்று. அதற்கு இருநூறாண்டு வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் நம் மக்கள் எழுதப்படாமையால் இழந்ததும் உண்டு. எழுதப்பட்டமையால் இழந்ததும் உண்டு. அதனைச் சற்றே புரட்டிப் பார்த்த பின்னர்ப் புதிய மென்பொருளுக்கு வருவோம்.

திண்ணையும் துரைத்தனமும்

பழைய திண்ணைப் பள்ளிக்கூடங்களில் இன்றைய பொருளில் மதிப்பெண் என்பதே இல்லை. மணலில் எழுதிப் பழகி, ஓலையில் எழுதி, மனப்பாடமாக ஒப்பித்து, ஒரு நூல் முடிந்தால் அடுத்த நூலுக்குச் செல்வதே தேர்ச்சி. மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையோரைக் கண்காணிப்பான். 1789 முதல் சென்னை எழும்பூரில் ஆண் அனாதைப் பிள்ளைகளின் காப்பகத்தை நடத்திய ஆண்ட்ரு பெல் என்னும் பாதிரியார் இம்முறையைக் கண்டு, அதனைத் தம் பள்ளியில் கையாண்டு, 1797இல் நூலாகவும் எழுதி வெளியிட்டார். இங்கிலாந்தில் அது ‘சென்னை முறை’ என்றே பரவிற்று. பெல் அதில் சேர்த்த புதுமை, ஏடுதான். அன்றன்று பிள்ளை எவ்வளவு படித்தது என்று குறிக்க ஒன்று. குற்றங்களைக் குறிக்கக் கருப்பு ஏடு என்று ஒன்று. இன்று செயலிகளில் காணும் பச்சைக் குறிக்கும் சிவப்புக் குறிக்கும் முன்னோர் இவ்வேடுகளே என்றால் மிகையாகாது.

அத்திண்ணையில் நம் முன்னோர்க்கு இடமில்லை என்பதைத் தனியே சொல்ல வேண்டுவதில்லை.

1822ஆம் ஆண்டில் சென்னை மாகாண ஆளுநர் சர் தாமஸ் மன்றோ, மாகாணத்தில் எத்தனை பள்ளிகள் உள்ளன, அவற்றில் எந்தெந்தச் சாதிப் பிள்ளைகள் எத்தனை பேர் பயில்கின்றனர் என்று கலெக்டர்களிடம் கணக்குக் கேட்டார். 1826 மார்ச்சு 10ஆம் நாள் அவர் எழுதிய குறிப்பின்படி 1,28,50,941 மக்களுக்கு 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். கலெக்டர்கள் நிரப்பிய படிவத்தில் பிராமணர், வைசியர், சூத்திரர், ஏனைய சாதியார், முசல்மான்கள் என்று கட்டங்கள் வகுக்கப்பட்டிருந்தன. நமக்கெனத் தனிக்கட்டம் இல்லை. படித்தோர் ஓரிருவர் இருந்திருப்பினும் ‘ஏனைய சாதியார்’ என்னும் கட்டத்தில் வேறு பலரோடு கலந்து மறைந்தனர். அந்நாளில் நம் பிள்ளைகள் படித்தனரா இல்லையா என்று ஆராய்ச்சியாளர் இன்றளவும் வழக்காடுவதற்கு இதுவும் ஒரு காரணம். (மென்பொருள் செய்யும் தம்பிமார் இதனை நினைவிற் கொள்க. எந்தெந்தக் கட்டங்களை வைப்பது என்று தீர்மானிப்பவர், கணக்கு எழுதத் தொடங்குமுன்பே பாதிக் கதையை எழுதிவிடுகிறார்.)

அடுத்து வந்தது தேர்ச்சிக்கேற்ற மானியம். இங்கிலாந்தில் கல்விக்குப் பொறுப்பேற்றிருந்த ராபர்ட் லோ என்பவர் 1862இல் இதனை நடைமுறைக்குக் கொணர்ந்தார். இன்ஸ்பெக்டர் ஆண்டுக்கு ஒருமுறை பள்ளிக்கு வருவார். பிள்ளைகளை ஒவ்வொருவராக வாசிப்பு, எழுத்து, கணக்கு என்று சோதிப்பார். தேறிய தலைக்கு இவ்வளவு என்று பள்ளிக்குப் பணம் கிடைக்கும். சென்னை மாகாணத்திலும் இம்மானியத்தை நம்பி நடந்த பள்ளிகள் பல. பிள்ளையின் மதிப்பெண்ணும் ஆசிரியரின் வயிறும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டால் என்ன நேரும்? தேர்வுக்குரிய பக்கங்களே பாடம் முழுவதும் ஆயின. தேறமாட்டான் என்று தோன்றிய பிள்ளையின்மேல் செலவிடும் நேரம் வீண் நேரம் எனக் கருதப்பட்டது. கவிஞரும் பள்ளி இன்ஸ்பெக்டருமாகிய மாத்யூ ஆர்னால்டு தம் அறிக்கைகளில் இதனைக் கண்டித்து எழுதினார். இங்கிலாந்தே அதனைக் கைவிட்டது. இந்தியாவில் 1904ஆம் ஆண்டு கர்சன் பிரபுவின் அரசு வெளியிட்ட கல்வித் தீர்மானமும் இம்முறை ஒழிய வேண்டும் என்ற நிலையையே மேற்கொண்டது. ஆயினும், எண்ணைக் காட்டினால் மேலிடம் மகிழும் என்னும் பழக்கம் ஆணை போட்டு ஒழிப்பதற்குரியதன்று. இன்றும் ஓர் அதிகாரி, ‘உங்கள் பள்ளியின் விழுக்காடு எவ்வளவு?’ என்று கேட்கும்போது நம்முள் இருக்கும் அந்தப் பழைய ஆசிரியர் விழித்துக்கொள்கிறார்.

பெயரும் கட்டமும்

நம் மக்களுக்கெனப் பள்ளிகள் தோன்றிய காலத்தை விரிவாக எழுதுதற்கு இது இடமன்று. செங்கற்பட்டுக் கலெக்டர் திரெமென்ஹீர் 1891இல் நம் மக்களின் நிலை குறித்து எழுதிய அறிக்கையும், பஞ்சமர் கல்வி குறித்து 1893 பிப்ரவரியில் வெளியான அரசாணையும், 1894இல் கர்னல் ஆல்காட் அடையாற்றை அடுத்த ஊரூரில் தொடங்கிய இலவசப் பள்ளியும் அன்பர்கள் அறிந்தனவே. இக்கட்டுரைக்கு வேண்டுவது வேறொரு செய்தி.

இரட்டைமலை சீனிவாசனார் தம் ‘ஜீவிய சரித்திர சுருக்க’த்தை 1939இல் வெளியிட்டார். கோயம்புத்தூர்க் கலாசாலையில் தாம் படித்தபோது, ஏறத்தாழ 400 மாணவரில் பத்துப்பேர் நீங்கலாக ஏனையோர் பிராமணர் என்று அதில் குறிக்கின்றார். தம் சாதியும் ஊரும் குடும்பமும் பிறர்க்குத் தெரிந்துவிட்டால் இழிவாக நடத்துவரே என்ற அச்சம் அவரை விடவில்லை. ஆகவே பள்ளிக்கு வெளியே ஏதேனும் ஓரிடத்தில் அமர்ந்து படித்திருந்து, மணி அடித்த பின்னரே வகுப்பினுள் நுழைவார். மாலையில், உடன்படிப்போர் தம்மை எட்டிப்பிடிக்குமுன் விரைந்து நடந்து வீடு சேர்ந்துவிடுவார். விளையாட்டும் தோழமையும் அவர்க்கு இல்லாமற் போயின. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் கோவையில் ஒரு சிறுவன் தன்னைப் பற்றிய ஒரு செய்தியை ஒளிப்பதற்காகப் பட்ட பாடு இது. அச்செய்தி பேரேட்டில் இருந்ததா என்பது அவர் கவலையாக இருக்கவில்லை. யார் காதில் விழும் என்பதே கவலை.

இன்னொரு பெரியவர், எம்.சி. ராஜா. ஆசிரியராகப் பணிபுரிந்தவர், பாடநூல்கள் எழுதியவர். சட்டமன்றத்தில் அவர் 1922 ஜனவரியில் கொணர்ந்த தீர்மானத்தின் பயனாக, பறையர், பஞ்சமர் என்னும் சொற்களை நீக்கி ஆதிதிராவிடர், ஆதி ஆந்திரர் என்று அரசுப் பதிவுகளில் எழுத ஆணை பிறந்தது. கட்டத்தின் தலைப்பை மாற்றியதற்கு இவ்வளவு பெருமையா என்று சிலர் கேட்கக்கூடும். ஒரு பிள்ளை பள்ளியிற் சேரும் நாளில் முதன்முதலாகத் தன்னைப் பற்றி எழுதக் காண்பது அக்கட்டத்தைத்தான். அதில் என்ன சொல் இருக்க வேண்டும் என்பதை, எழுதப்படுவோரே தீர்மானித்த நிகழ்ச்சி அது. அதற்கு முன் அவ்வாறு நடந்ததாக நமக்கு நினைவில்லை.

1920 முதல் தொழிலாளர் ஆணையரின் பொறுப்பில் நம் பிள்ளைகளுக்கெனப் பள்ளிகள் நடந்தன. முதியோர் அவற்றை ‘லேபர் ஸ்கூல்’ என்றே இன்றும் சொல்வர். இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் அவ்வழி வந்தவை. 1944இல் அண்ணல் அம்பேத்கர் வைசிராயின் நிருவாகக் குழுவில் இருந்த காலத்தில் நடுவண் அரசின் கல்வி உதவித்தொகை தொடங்கிற்று. அன்றுமுதல் பேரேட்டில் நம் பிரிவைக் குறிக்கும் கட்டம் இருமுகம் கொண்டதாயிற்று. அக்கட்டம் நிரம்பினால்தான் உதவித்தொகை வரும். அக்கட்டம் நிரம்பியிருப்பதைக் கண்டவர் சிலர் கடைசி வரிசைக்கு விரலை நீட்டவும் செய்வர். நாம் மாணவராக இருந்த ஒரு பள்ளியில் உதவித்தொகைப் பட்டியலை வகுப்பு நடுவே உரக்க வாசிப்பர். பெயர் வந்தவர் எழுந்து நிற்க வேண்டும். பணம் கையில் வர ஆறு திங்கள் ஆகும். நின்றது மட்டும் அன்றைக்கே எல்லார்க்கும் தெரிந்துவிடும்.

எண் இல்லாத காலை

எண்பதுகளில் பத்தாம் வகுப்பு முடித்தோர்க்கு நினைவிருக்கும். தேர்வு முடிவு செய்தித்தாளில் வரும். டீக்கடையில் ஒரே தாளைப் பத்துப்பேர் சூழ்ந்து பதிவெண்ணைத் தேடுவோம். எண் இருந்தால் தேர்ச்சி, இல்லையேல் தோல்வி. எத்தனை மதிப்பெண், எந்தப் பாடத்தில் குறைவு என்பதெல்லாம் பின்னர் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் வந்த பின்னரே. பிறந்த நாள், சாதி, அங்க அடையாளம், மதிப்பெண் எல்லாவற்றையும் தாங்கிய அப்புத்தகத்தை நம் தாய்மார் டிரங்குப் பெட்டியில் புடைவை மடிப்புக்குள் வைத்துக் காத்தனர். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர் வீட்டிலும், பின்னி ஆலையில் வேலை செய்தவர் வீட்டிலும் அதைவிட விலையுயர்ந்த காகிதம் வேறில்லை.

அக்காகிதமும் நீருக்கும் நெருப்புக்கும் தப்பவில்லை. குடிசைகள் எரிந்த இரவுகளில் முதலில் சாம்பலானவை சான்றிதழ்களே. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் வியாசர்பாடியும் எம்.கே.பி. நகரும் நீரில் நின்றன. சான்றிதழ் இழந்தோர்க்கு அரசு சிறப்பு முகாம்கள் அமைத்துக் கட்டணமின்றி நகல் வழங்கியது. வழங்க முடிந்ததற்குக் காரணம், மதிப்பெண்கள் வேறோரிடத்தில் கணிப்பொறியில் பதிவாகியிருந்தமையே. கணிப்பொறியைக் கண்டு அஞ்சும் நம் வயதினர்க்கு நாம் முதலில் எடுத்துக்காட்டுவது இதனைத்தான். டிரங்குப் பெட்டியை மட்டும் நம்பி வாழ்வதற்கு வடசென்னை ஏற்ற இடமன்று.

இன்று தமிழ்நாட்டுப் பள்ளிகளில் வழங்கும் கல்வி மேலாண்மைத் தகவல் முறை, சுருக்கமாக ‘எமிஸ்’, ஒவ்வொரு பிள்ளைக்கும் 16 இலக்க எண் ஒன்றைத் தருகின்றது. பிள்ளை ஒரு பள்ளியை விட்டு நீங்கினால் அவ்வெண் பொதுத் தொகுப்புக்குச் செல்லும். அடுத்த பள்ளி அதனை அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். எடுத்துக்கொள்ள எவரும் வராவிடின், ஒரு பிள்ளை எங்கோ படிப்பை விட்டு நிற்கின்றது என்பது தெரியவரும். கால்வாய்க் கரைகளிலும் ஆற்றங்கரைகளிலும் வாழ்ந்த குடும்பங்கள் வீடிழந்து கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரத்தின் மறுகோடிக்கு அனுப்பப்பட்ட ஆண்டுகளில், இடையில் காணாமற்போன பிள்ளைகளின் கணக்கை யார் வைத்திருந்தனர்? பழைய பள்ளியில் பெயர் அடிக்கப்பட்டது. புதிய பள்ளியில் எழுதப்படவில்லை. பொதுத் தொகுப்பு என்பது ஆசிரியர் ஒருவர் அதனைத் திறந்து பார்த்து, வீட்டைத் தேடிப் போனால் மட்டுமே பயன் தரும். எனினும், தேடுவதற்கு ஓர் எண்ணாவது இருக்கின்றது.

உரிமை கேட்பதற்கும் இப்பதிவே சான்று. அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவியர்க்குத் திங்கள்தோறும் 1,000 ரூபாய் அளிக்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5இல் தொடங்கிற்று. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை எங்கே படித்தோம் என்று காட்டினால்தான் இவை கிட்டும். நான்கு வீடு மாறிய குடும்பத்துப் பெண் ஏழு ஆண்டுச் சான்றுகளைக் காகிதமாகச் சேர்த்து வைத்திருப்பாள் என்று எதிர்பார்ப்பது நகைப்புக்குரியது.

எண் தீர்ப்பாகும்போது

ஆயினும் 2020இல் நிகழ்ந்ததை மறக்கலாகாது. கொரோனா நோய்த்தொற்றினால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நடத்த இயலாமற் போயிற்று. அவ்வாண்டு ஜூன் 9ஆம் நாள் அரசு ஒன்பது இலட்சத்திற்கு மேற்பட்ட மாணவர்களையும் தேர்ச்சி பெற்றோராக அறிவித்தது. மதிப்பெண்ணுக்கு வழி? காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளிலிருந்து 80 விழுக்காடு. வருகைப் பதிவிலிருந்து 20 விழுக்காடு. தேர்ச்சி அளித்தது சரியே. நோய் நாளில் பிள்ளைகளைத் தேர்வறைக்கு அழைப்பதைக் காட்டிலும் அது நன்று. ஆனால் ஆசிரியர் அனைவரும் அறிந்த ஓர் உண்மை உண்டு. அரசுப் பள்ளியில் காலாண்டுத் தேர்வை நாம் கடுமையாகத் திருத்துவோம். ‘இப்படியே எழுதினால் மார்ச்சில் என்ன ஆவாய்?’ என்று உரைப்பதற்காக 5 மதிப்பெண்ணைக் குறைத்தே போடுவோம். நம் பிள்ளைகளிற் பலர் ஜனவரிக்குப் பின்னரே விழித்தெழுந்து படிப்பவர். அப்படிப்பட்ட மதிப்பெண், எச்சரிக்கைக்காகப் போட்ட மதிப்பெண், ஒரே நாளில் வாழ்நாள் சான்றிதழின் மதிப்பெண்ணாக மாறிற்று. வருகைப் பதிவோ, மழைநீர் வடியாத நாட்களையும், தந்தைக்கு வேலையில்லாமல் பிள்ளை கூலிக்குப் போன நாட்களையும் ஒரே ‘வரவில்லை’ என்றே குறித்திருந்தது.

அதே ஆண்டில் இங்கிலாந்திலும் தேர்வு நடக்கவில்லை. அங்கே ஒரு கணக்கீட்டு முறையை வகுத்தனர். பள்ளியின் முந்தைய மூன்றாண்டு முடிவுகளைக் கொண்டு மாணவரின் தரத்தைக் கணிப்பொறி நிர்ணயித்தது. ஆசிரியர் அளித்த தரங்களில் ஏறத்தாழ 40 விழுக்காடு கீழிறக்கப்பட்டன. மாணவர் எண்ணிக்கை குறைந்த வகுப்புகளில் மட்டும் ஆசிரியர் சொல்லே நின்றது. அத்தகைய சிறு வகுப்புகள் தனியார் பள்ளிகளில்தாம் மிகுதி. ஏழைப் பகுதிப் பள்ளியில் படித்த கெட்டிக்காரப் பிள்ளை, தனக்கு முன் அப்பள்ளியில் படித்தோரின் குறைவான மதிப்பெண்ணால் கட்டுண்டது. மாணவர் தெருவில் இறங்கினர். ஆகஸ்டு 17ஆம் நாள் அம்முறை கைவிடப்பட்டது. அண்ணனும் அக்காளும் தவறியதால் தம்பியும் தவறுவான் என்று கணக்குப் போடும் இயந்திரம், சாதியின் பழைய வாதத்தைப் புதிய எண்களில் சொல்வதாகவே நமக்குப் படுகின்றது.

இவ்விடத்தில் அண்ணலின் மதிப்பெண்ணைச் சொல்லியாக வேண்டும். 1900 நவம்பர் 7ஆம் நாள் சாதாரா அரசுப் பள்ளியில் அவர் சேர்ந்தார். அப்பள்ளி அவர் பெயர் எழுதிய பதிவேட்டை இன்றளவும் காத்து வைத்துள்ளது. பதிவெண் 1914. அந்நாளை மகாராட்டிர அரசு மாணவர் நாளாகக் கொண்டாடுகின்றது. ஏழாண்டுகள் கழித்து 1907இல் பம்பாயில் மெட்ரிக்குலேசன் தேறியபோது அவர் பெற்றது 750க்கு 282. நூற்றுக்கு 38 கூட இல்லை. வருங்காலத்தைக் கணித்துச் சொல்லும் ஒரு செயலி அன்றிருந்து, அவ்வெண்ணை மட்டும் அதனிடம் கொடுத்திருந்தால், அது கொலம்பியாவையும் இலண்டனையும் பரிந்துரைத்திருக்குமா, அன்றி ஏதேனும் ஒரு குமாஸ்தா வேலையைப் பரிந்துரைத்திருக்குமா என்று அன்பர்களே எண்ணிப் பார்க்கலாம்.

சிறு வகுப்புகளிலும் இவ்விடர் உண்டு. 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளின் கற்றல் நிலைக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று பெயரிட்டனர். அழகிய பெயர்கள். எந்தப் பிள்ளைக்கு எதைக் கற்பிப்பது என்று ஆசிரியர் அறிவதற்காக வைக்கப்பட்டவை. ஆனால் பிள்ளைகள் மிக விரைவில் கண்டுபிடித்துவிடுவர். ‘நீ இன்னும் அரும்பா?’ என்று தாழ்வாரத்தில் ஒருவன் மற்றவனைக் கேட்கும்போது, அது கற்றல் நிலையாக நில்லாமல் பட்டப்பெயராகிவிடுகின்றது.

இதற்கு மாறான ஒன்றும் இதே பட்டணத்தில் நடந்தது. 2003இல் மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் காலத்தில் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கப்பட்டு, சில ஆண்டுகளில் மாநிலம் முழுவதும் பரவிற்று. பாடங்கள் அட்டைகளாகப் பிரிக்கப்பட்டு, ஏணிப்படி போன்ற ஒரு படம் வகுப்பில் மாட்டப்பட்டிருக்கும். தான் எந்தப் படியில் நிற்கின்றோம் என்பதைப் பிள்ளையே பார்த்து, அடுத்த அட்டையைத் தானே எடுக்கும். பத்து நாள் வராத பிள்ளை, விட்ட படியிலிருந்தே தொடங்கும். அதில் குறைகள் இருந்தன. அட்டைகள் கிழியும், காணாமற்போகும். ஏணியில் ஏறியது அட்டையா அறிவா என்ற ஐயமும் எழுந்தது. எனினும் தன் கணக்கைத் தானே வைத்துக்கொண்ட பிள்ளையை நாம் முதன்முதலில் அங்கேதான் கண்டோம். பொதுத்தேர்வில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தை அரசு 2017இல் நிறுத்தியதையும் இதனோடு சேர்த்தே நாம் வரவேற்றோம்.

ஆசிரியரின் பாட்டையும் ஒரு சொல்லாவது சொல்ல வேண்டும். வருகை ஒரு முறை, மதிப்பெண் ஒரு முறை, இலவசப் பொருள் வழங்கியது ஒரு முறை என்று பதிவேற்றும் பணி பெருகி, கற்பிக்கும் நேரத்தை அது தின்கின்றது என்று ஆசிரியர் சங்கங்கள் பல ஆண்டுகளாகப் போராடின. நம் மாலைநேரப் பாடசாலையில் கற்பிப்போர் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு வரும் இளைஞர்கள். கிடைக்கும் இரண்டு மணி நேரத்தில் அரை மணியைக் கைப்பேசி விழுங்குமாயின் அம்மென்பொருள் நமக்கு வேண்டா.

நம் சங்கம் செய்யத்தக்கது

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நம் இனத்துப் பள்ளி மாணவன் ஒருவன், உடன்படித்த மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டான். அதன்பின் அரசு அமைத்த நீதியரசர் சந்துருவின் ஒருநபர்க் குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. வருகைப் பதிவேட்டில் சாதி குறித்த கட்டமோ குறிப்போ இருத்தலாகாது என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று. இரட்டைமலை சீனிவாசனார் மணி அடிக்கும் வரை வெளியே நின்ற காலத்திலிருந்து இப்பரிந்துரை வருவதற்கு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

எனவே சாதிக் கட்டம் நம் மென்பொருளில் ஆசிரியரின் கண்ணுக்குத் தெரியும் பக்கத்தில் இருத்தல் கூடாது என்பது நம் உறுதியான கருத்து. நம் பாடசாலையில் எல்லாரும் நம் பிள்ளைகள்தாமே என்று சிலர் கூறுவர். இன்று ஆம். ஆனால் நம்முள்ளேயே உட்பிரிவு பாராட்டுவோர் இல்லையா? நம் தெருவை அடுத்து வாழும் மற்ற ஏழை மக்களின் பிள்ளைகளும் வந்துகொண்டுதானே இருக்கின்றனர்? உதவித்தொகைக்கு வேண்டிய சான்றுகள் செயலாளரின் பொறுப்பில் தனியே இருக்கட்டும். பிள்ளைக்குச் சேர வேண்டியதைப் பெற்றோரைத் தனியே அழைத்துச் சொல்லலாம்.

தரவரிசைக் கட்டம் வேண்டா. இளைஞர்கள் காட்டிய மாதிரியில் ‘முதல் பத்துப்பேர்’ என்று ஒரு பக்கம் மின்னிக்கொண்டிருந்தது. அதனை எடுத்துவிடக் கோருகின்றோம். பிள்ளையின் இன்றைய மதிப்பெண்ணைச் சென்ற திங்களில் அதே பிள்ளை பெற்றதோடு ஒப்பிட்டுக் காட்டினால் போதும். ‘இம்மாணவர் தேற வாய்ப்பு இவ்வளவு விழுக்காடு’ என்று கணித்துச் சொல்லும் வசதியைச் சேர்ப்பது எளிது என்று ஒரு தம்பி ஆர்வத்தோடு சொன்னார். எளிது என்பதாலேயே அஞ்ச வேண்டியிருக்கின்றது. அதுவும் வேண்டா.

எவர் எழுதிய மதிப்பெண்ணையும் பிள்ளையும் பெற்றோரும் பார்க்கவும், தவறென்று தோன்றினால் திருத்தக் கேட்கவும் வழி இருத்தல் வேண்டும். திருத்தியவர் யார், எந்நாளில் என்பதும் பதிவாக வேண்டும். இது பேரேட்டில் சிவப்பு மையால் அடித்துச் சுருக்கொப்பம் இடும் பழைய முறையேயன்றி வேறன்று. கைப்பேசி ஒன்றே உள்ள வீட்டில் அது பெரும்பாலும் தந்தையின் சட்டைப்பையில் வெளியே போய்விடும். தாய்மாரிற் பலர்க்கு எழுத்து வாசிக்க வராது. ஆகவே திங்களுக்கு ஒரு ஞாயிறு, பெற்றோரை அழைத்து நேரில் சொல்லும் இப்போதைய வழக்கம் நிற்றலாகாது. மதிப்பெண் குறைந்த செய்தி குறுஞ்செய்தியாக வீடு சென்று, ஆசிரியர் சொல்லுமுன் பெல்ட்டு பேசுவதை நாம் விரும்பவில்லை.

இனிச் சட்டம். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டோர் அனைவரையும் குழந்தைகளாகக் கொண்டு, அவர்தம் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கின்றது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. கல்வி நிறுவனங்களுக்குச் சில விலக்குகள் உண்டு. விலக்கு நமக்குப் பொருந்துமா என்று வாதிட்டுக்கொண்டிராமல், சேர்க்கைப் படிவத்திலேயே தமிழில் நான்கு வரியில் விளக்கி ஒப்பம் பெறுவது நன்று. விவரங்களை இலவசமாக வைத்துத் தருகின்றோம் என்று எந்த நிறுவனம் வந்தாலும், அவர்க்கு அதில் என்ன ஆதாயம் என்று கேட்காமல் கையெழுத்திடலாகாது. பிள்ளை பாடசாலையை விட்டு நீங்கிய பின் இறுதி மதிப்பெண்ணும் வருகைச் சான்றும் மட்டும் இருக்கட்டும். வாராந்தரத் தேர்வில் 12 வாங்கியதும், நோட்டுக் கொண்டுவராததும் எக்காலத்துக்கும் ஒருவரைப் பின்தொடர வேண்டுவதில்லை.

முதலாண்டில் எட்டாம் வகுப்புக்கு மட்டும் இதனைச் செய்து பார்க்கலாம். அவ்வாண்டு முழுதும் காகிதப் பேரேடும் உடன் எழுதப்படட்டும். இரண்டும் ஒத்து வருகின்றனவா, ஆசிரியர்க்கு எத்தனை நிமிடம் செலவாகின்றது என்று பருவந்தோறும் செயற்குழு பார்க்க வேண்டும்.

அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்றுண்டு. சங்க அலுவலகத்தின் இரும்பு அலமாரியில் 25 ஆண்டுப் பேரேடுகள் இருக்கின்றன. மேல்தட்டில் இருந்தமையால் 2015லும் 2023லும் நீர் அவற்றைத் தொடவில்லை. தொடக்க ஆண்டு ஏடுகளின் ஓரங்கள் பூச்சியரித்து உதிரத் தொடங்கியுள்ளன. பக்கம் பக்கமாகப் படமெடுத்து இரண்டு இடங்களில் சேமித்து வைத்தால், பழைய மாணவர் எவர் வந்து தம் பக்கத்தைக் கேட்டாலும் நகல் எடுத்துக் கொடுக்கலாம். மே விடுமுறையில் இப்பணிக்கு வர இசைவோர் செயலாளரிடம் தம் பெயரைத் தருக.